கிரிக்கெட்டில் கட்டை போட்டு ஆடுவது அணிக்கு உதவுமா, கெடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டை போடுவது, அதாவது அடிக்காமல் பந்தைத் தடுத்து மெதுவாக ஆடுவது, நல்லதா கெட்டதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

டெஸ்டில் பெரும்பாலும் நல்லது. ஒருநாள் ஆட்டத்தில் சில நேரம் நல்லது. இருபது ஓவரில் அபூர்வமாகத்தான் நல்லது.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திவிட முடியாது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் கே.எல்.ராகுல் 107 பந்துகளில் 66 ரன் எடுத்தார், அதில் ஒரே ஒரு பவுண்டரி. அன்றைய தோல்விக்கு அந்த ஆட்டம்தான் காரணம் என்று இன்றும் பேசுகிறார்கள். அதே ஆடுகளத்தில், அன்றிரவே, ஆஸ்திரேலியாவின் லபுஷேன் 110 பந்துகளில் 58 ரன்தான் எடுத்தார். கணக்குப்படி ராகுலைவிட அவர்தான் மெதுவாக ஆடினார். அவரை யாரும் குறை சொல்லவில்லை, கோப்பையோடு வீட்டுக்குப் போனார்.

ஜெயித்தவரைப் பாராட்டுவதும் தோற்றவரைத் திட்டுவதும் உலக வழக்கம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இரண்டு ஆட்டங்களுக்கும் உண்மையிலேயே வேறுபாடு இருந்தது. லபுஷேன் களமிறங்கியபோது ஆஸ்திரேலியா 47 ரன்னுக்கு 3 விக்கெட் என்று தடுமாறிக்கொண்டிருந்தது. ஆனால் இலக்கு 241 தான். எதிர்முனையில் டிராவிஸ் ஹெட் அடித்துக்கொண்டிருந்தார், கடைசியில் 120 பந்துகளில் 137. அணிக்குத் தேவைப்பட்டது ஹெட்டோடு கூட நிற்க ஓர் ஆள். லபுஷேன் நின்றார், 192 ரன் கூட்டணி அமைந்தது. இந்தியாவுக்கோ எவ்வளவு எடுத்தால் போதும் என்றே தெரியாது. முதல் 10 ஓவரில் 80 ரன் எடுத்த அணி, மீதி 40 ஓவரில் நான்கே பவுண்டரியோடு 160 ரன் சேர்த்தது. அங்கே நின்றவருக்கு அடித்துக் கொடுக்க எதிர்முனையில் ஆள் இல்லை.

ராகுலை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. 81 ரன்னுக்கு 3 விக்கெட் போன பிறகு வந்து, பந்து நின்று வரும் ஆடுகளத்தில் அவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஆனால் 40 ஓவரில் நான்கு பவுண்டரி என்பது இறுதி ஆட்டத்தை ஜெயிக்கும் கணக்கும் இல்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

ஓர் அணியிடம் மூன்று சொத்துகள் இருக்கின்றன: விக்கெட், பந்து, நேரம். இவற்றில் அந்த நேரத்தில் எது குறைவாக இருக்கிறதோ, அதைத்தான் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டும்.

டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், ஐந்து நாளைக்கு 450 ஓவர். பந்துக்குப் பஞ்சமே இல்லை, விக்கெட்டுக்குத்தான் பஞ்சம். அதனால் ஐந்தாறு ஓவர் ரன் வராமல் போனால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. இருபது ஓவரில் இது தலைகீழ். 120 பந்துக்குப் பத்து விக்கெட், அதாவது சராசரியாக 12 பந்துக்கு ஒரு விக்கெட்டைச் செலவழிக்க அனுமதி உண்டு. ஆட்டம் முடியும்போது ஆறு விக்கெட் கையில் மிச்சம் இருந்தால் அதை வங்கியில் போட்டு வைக்க முடியாது. ஒருநாள் ஆட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சண்டையெல்லாம் அங்கே வருவது அதனால்தான்.

மழை குறுக்கிட்டால் பயன்படுத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறையும் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது. மீதி ஓவர் எத்தனை, மீதி விக்கெட் எத்தனை என்று இரண்டையும் சேர்த்துத்தான் அணியின் வளத்தை அது கணக்கிடுகிறது.

டெஸ்டில் ரன்னே எடுக்காமல் பந்தை மட்டும் ஆடினால் என்ன லாபம்?

நிறைய லாபம் உண்டு. அதில் பாதி ஸ்கோர்போர்டில் தெரியாது.

முதலாவது பந்தின் வயது. புதுப்பந்தில் தையல் எடுப்பாக இருக்கும், பளபளப்பு இருக்கும், பந்து கெட்டியாக இருப்பதால் எழும்பும். குக்கபரா நிறுவனத்தின் பந்தில் முதல் பதினைந்து இருபது ஓவர்தான் இந்த ஆபத்து அதிகம். அதைக் கடந்துவிட்டால் பந்து மென்மையாகி, பின்னால் வருபவர்களுக்கு ஆட்டம் சுலபமாகும். 80 ஓவருக்குப் பிறகுதான் அடுத்த புதுப்பந்து. தொடக்க ஆட்டக்காரரும் மூன்றாம் எண் ஆட்டக்காரரும் எதிர்கொள்ளும் ஒவ்வொரு புதுப்பந்தும் ஐந்தாம் ஆறாம் எண் ஆட்டக்காரர்கள் எதிர்கொள்ளாமல் தப்பிக்கும் பந்து.

இரண்டாவது பந்துவீச்சாளரின் உடம்பு. இதற்குப் புஜாராவைவிட நல்ல சாட்சி கிடையாது. 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் அவர் 521 ரன் எடுத்தார், மூன்று சதம். அதைவிட முக்கியமாக 1,258 பந்துகள் ஆடினார். மெல்பர்னில் 106 ரன்னுக்கு 319 பந்து. இந்தியா அங்கே கிட்டத்தட்ட 170 ஓவர் ஆடி 443 ரன்னில் டிக்ளேர் செய்தபோது, இவ்வளவு மெதுவாக ஆடினால் ஆட்டத்தை முடிக்க நேரம் இருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. நேரம் இருந்தது. பும்ரா முதல் இன்னிங்சில் 33 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார், இந்தியா 137 ரன்னில் ஜெயித்தது. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி அந்தத் தொடரில்தான் வந்தது.

இரண்டு வருடம் கழித்து இதே கதை இன்னும் தெளிவாக நடந்தது. கம்மின்ஸ், ஹேசில்வுட், ஸ்டார்க், லயன் நால்வரும் நான்கு டெஸ்டிலும் மாற்றமில்லாமல் வீசினார்கள். சிட்னியில் கடைசி இன்னிங்சில் மட்டும் ஆஸ்திரேலியா 131 ஓவர் வீச வேண்டியிருந்தது. சில நாளிலேயே பிரிஸ்பேன் டெஸ்ட். அங்கே கடைசி நாளில் புஜாரா 211 பந்துகளில் 56 ரன் எடுத்தார். பந்தை உடம்பில் மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டு நின்றார். அந்த 56-க்குப் பிறகுதான் ரிஷப் பந்தின் ஆட்டமிழக்காத 89, 328 ரன் இலக்கைத் தாண்டிய வெற்றி, 1988-க்குப் பிறகு அந்த காபா மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் முதல் தோல்வி. கொண்டாட்டக் காட்சிகளில் பந்த் இருக்கிறார். நான் அந்தச் செஷன்களை மறுபடி பார்க்கும்போதெல்லாம் முதலில் தேடுவது புஜாராவைத்தான்.

டிரா செய்வதற்காக ஆடுவது கோழைத்தனம் இல்லையா?

இல்லை. இந்தக் கேள்வியே எனக்குக் கொஞ்சம் கோபம் வரவைக்கும்.

மேலே சொன்ன அதே சிட்னி டெஸ்டை, 2021 ஜனவரியில் நடந்ததை, எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு 407. பந்த் 118 பந்துகளில் 97 அடித்து ஆட்டமிழந்தார், புஜாரா 77 எடுத்துப் போனார். ஜடேஜாவுக்குக் கட்டைவிரலில் காயம். ஹனுமா விஹாரிக்கு ஓட முடியாதபடி தொடைப்பின்தசை பிடித்துக்கொண்டது. அஸ்வினுக்கு முதுகு வலி. விஹாரியும் அஸ்வினும் சேர்ந்து 40 ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. ஓட முடியாதவர் ஒரு ரன்னுக்கு ஓடினால் ரன் அவுட் ஆகும் ஆபத்து. அதனால் கட்டை போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை, அதை அவர்கள் முழுமையாகச் செய்தார்கள். அன்று ஆட்டம் தோற்றிருந்தால் தொடர் 2-1 என்று ஆஸ்திரேலியா பக்கம் போயிருக்கும். அடுத்த டெஸ்டில் கிடைத்த வெற்றி, தொடரைச் சமன் செய்வதோடு நின்றிருக்கும்.

டிராவின் மதிப்பு பெரும்பாலும் அடுத்த ஆட்டத்தில்தான் தெரியும். 2012 நவம்பரில் அடிலெய்டில் தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 430. முதல் டெஸ்ட் ஆடிய ஃபாஃப் டு பிளெசி 376 பந்தில் ஆட்டமிழக்காமல் 110. எந்தப் பந்தையும் எந்தத் திசையிலும் அடிக்கத் தெரிந்த ஏ.பி.டிவில்லியர்ஸ் 220 பந்தில் 33, ஒரு பவுண்டரி கூட இல்லை. 8 விக்கெட்டுக்கு 248 என்று தப்பித்தார்கள். அடுத்து பெர்த்தில் ஜெயித்துத் தொடரைக் கொண்டுபோனார்கள். 2009-இல் கார்டிஃபில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் காலிங்வுட் 245 பந்துகள் நின்று 74 எடுத்தார், கடைசியில் ஆண்டர்சனும் பனேசரும் 69 பந்துகளைச் சமாளித்தார்கள். அந்த ஆஷஸ் தொடர் 2-1 என்று இங்கிலாந்துக்கே வந்தது.

2025 ஜூலையில் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா 311 ரன் பின்தங்கி இரண்டாவது இன்னிங்சைத் தொடங்கியது. ரன் எடுக்கும் முன்பே, முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் காலி. ராகுலும் கில்லும் நின்றார்கள். அவர்கள் போன பிறகு ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் கடைசிவரை நின்று ஆளுக்கொரு சதம் எடுத்தார்கள். 143 ஓவர், 4 விக்கெட்டுக்கு 425. அடுத்த டெஸ்டை ஓவலில் 6 ரன்னில் ஜெயித்து இந்தியா தொடரை 2-2 என்று முடித்தது.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளிக் கணக்கும் இதை ஒப்புக்கொள்கிறது. வெற்றிக்கு 12, டிராவுக்கு 4, தோல்விக்குப் பூஜ்யம்.

இவ்வளவு கட்டை போட்டும் தோற்றுவிட்டால்? உழைப்பு வீண்தானே?

2015 டிசம்பர், டெல்லி. இலக்கு 481. தென்னாப்பிரிக்கா 143.1 ஓவர் ஆடி 143 ரன்னுக்கு எல்லா விக்கெட்டையும் இழந்தது. ஹாஷிம் அம்லா 244 பந்தில் 25, டிவில்லியர்ஸ் 297 பந்தில் 43. இந்தியா 337 ரன்னில் ஜெயித்தது.

பலர் இதைக் கேலியாகச் சொல்வார்கள். அந்த ஆடுகளத்தில் அஸ்வினையும் ஜடேஜாவையும் அடித்து ஆட முயன்றிருந்தால் ஆட்டம் நாலாம் நாளே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். வென்றெடுக்க வழியே இல்லாத இலக்கு. அணியிடம் இருந்த ஒரே வாய்ப்பு நேரத்தைக் கரைப்பதுதான். அந்த வாய்ப்பைக் கடைசி நாள் தேநீர் இடைவேளைவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முடிவு தோல்வி என்பதால் எடுத்த முடிவு தவறாகிவிடாது.

மெதுவாக ஆடுபவர் தன் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு எதிர்முனைக்காரரை மாட்டிவிடுகிறார் என்கிறார்களே?

இது நியாயமான குற்றச்சாட்டு. டெஸ்ட் ரசிகர்கள் இதைச் சட்டென்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது சரியில்லை.

புஜாராவையே எடுத்துக்கொள்வோம். பின்னால் அவ்வளவு பாராட்டிய அதே சிட்னி டெஸ்டின் முதல் இன்னிங்சில் அவர் 176 பந்தில் 50 எடுத்தார். அந்த வேகம் கூட ஆடியவர்கள்மீது அதிக அழுத்தத்தைப் போட்டது என்று ரிக்கி பாண்டிங் வெளிப்படையாகச் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. கட்டை போடுவதில் இரண்டு வகை உண்டு. நல்ல பந்தைத் தடுத்து, மோசமான பந்தை அடித்து, காலியான இடத்தில் தட்டி ஒரு ரன் ஓடுபவர் மெதுவாகப் போனாலும் பந்துவீச்சாளரை நிம்மதியாக இருக்க விட மாட்டார். எல்லாப் பந்தையும் ஒரே மாதிரி தடுப்பவருக்குப் பந்துவீச்சாளர் அதே இடத்தில் ஆறு பந்தும் போடலாம். ஃபீல்டர்கள் ஒவ்வொருவராக மட்டையைச் சுற்றி வந்து நிற்கலாம். ஸ்ட்ரைக்கும் மாறாது. எதிர்முனையில் நிற்பவர் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு, பந்து கிடைத்ததும் அவசரப்பட்டு வீசுவார். அவுட் ஆனது அவர்தான், ஆனால் காரணம் பாதி இந்தப் பக்கம் இருக்கிறது.

பழைய உதாரணம் ஒன்று: 1958-இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்தின் டிரெவர் பெய்லி 458 நிமிடம் நின்று 68 ரன் எடுத்தார். அவ்வளவு நேரம் நின்றும் அணியின் மொத்தம் 200-ஐத் தொடவில்லை, ஆஸ்திரேலியா 8 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. தோல்வியைத் தள்ளிப்போட்டாரே தவிர தடுக்கவில்லை, ஆட்டத்தை முன்னே நகர்த்தவும் இல்லை.

இதற்கு நேர்மாறு ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2001 கொல்கத்தா டெஸ்ட். லக்ஷ்மண் 281, டிராவிட் 180, கூட்டணி 376. நாலாம் நாள் முழுவதும் ஒரு விக்கெட் கூட விழவில்லை. அன்று டிராவிட் எதிர்முனைக்கு அழுத்தம் கொடுக்கவே இல்லை. லக்ஷ்மண் அடிக்க, இவர் நிலைத்து நிற்க, இருவருக்குமிடையே ஸ்ட்ரைக் ஓடிக்கொண்டே இருந்தது. டெஸ்ட் வரலாற்றில் அதிகப் பந்துகளை ஆடியவர் டிராவிட்தான், 31,258 பந்துகள். அத்தனை பந்தையும் சும்மா தடுத்துக்கொண்டிருந்தவர் 13,000 ரன்னைத் தாண்டியிருக்க முடியாது.

2025 லார்ட்ஸ் டெஸ்டில் ஜடேஜா அடித்திருக்க வேண்டாமா?

இன்னும் ஓயாத வாதம் இது. இலக்கு 193 தான். கடைசி நாள் உணவு இடைவேளையில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 112. அங்கிருந்து ஜடேஜா, பும்ராவையும் பிறகு சிராஜையும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை இழுத்தார். பும்ரா 54 பந்து, சிராஜ் 30 பந்து நின்றார்கள். ஜடேஜா 181 பந்தில் 61 எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, சிராஜ் தடுத்த பந்து உருண்டு ஸ்டம்பில் பட்டது. 22 ரன்னில் தோல்வி.

நேரம் அங்கே தாராளமாக இருந்தது. பற்றாக்குறையாக இருந்தது விக்கெட், அதுவும் இரண்டே இரண்டு. அதனால் பொறுமையாக ஆடியது சரி என்பேன். 112-க்கு 8 என்ற இடத்திலிருந்து வீசி ஆடியிருந்தால் அரைமணி நேரத்தில் ஆட்டம் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு மனக்குறை எனக்கும் உண்டு. பஷீர் போன்ற சுழற்பந்து வீச்சாளர் வந்தபோது, ஃபீல்டர்கள் எல்லைக்கோட்டில் சிதறி நின்ற நேரத்தில், கணக்குப் போட்டு ஓரிரண்டு அடி அடித்திருக்கலாம். இலக்கு நெருங்க நெருங்க அழுத்தம் இங்கிலாந்து பக்கம் திரும்பியிருக்கும். கடைசி ஆட்டக்காரர் எத்தனை பந்துதான் தாங்குவார் என்பதும் ஒரு கணக்குத்தானே. ஓவலில் சிராஜே விக்கெட் எடுத்து முடித்து வைத்தார் என்பது பெரிய ஆறுதல்.

ஒருநாள் ஆட்டத்தில் மிகவும் மோசமான மெதுவான இன்னிங்ஸ் எது?

எல்லோரும் சொல்வது 1975 உலகக் கோப்பையின் முதல் நாளை. லார்ட்ஸில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 எடுத்தது. பதிலுக்கு கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 நாட் அவுட். இந்தியா 3 விக்கெட்டுக்கு 132. ஏழு விக்கெட் கையில் இருக்க 202 ரன்னில் தோல்வி. பந்தும் தீர்ந்தது, விக்கெட்டும் வீணானது. இதில் வாதாட எதுவும் இல்லை.

ஆனால் படிப்பினை அதிகம் உள்ளது 1979 உலகக் கோப்பை இறுதி ஆட்டம்தான். மேற்கிந்தியத் தீவுகள் இங்கிலாந்துக்குக் கொடுத்த இலக்கு 287. பாய்காட்டும் பிரியர்லியும் தொடக்க விக்கெட்டுக்கு 129 சேர்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு 38 ஓவர் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சிக்கல். மீதி 22 ஓவரில் 158 ரன், அதுவும் ஹோல்டிங், ராபர்ட்ஸ், கார்னர், கிராஃப்ட் பந்துவீச்சில். பின்னால் வந்தவர்கள் வந்ததுமே வீச வேண்டிய நிலை. கடைசி எட்டு விக்கெட் 11 ரன்னுக்குள் விழுந்தது. 194 ஆல் அவுட். ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால் தொடக்கக்காரர்கள் இருவரும் அரைசதம் அடித்திருக்கிறார்கள், மற்றவர்கள் சொதப்பியிருக்கிறார்கள். உண்மையில் அந்தச் சரிவுக்கு விதை போட்டது தொடக்கக் கூட்டணிதான்.

ஒருநாள் ஆட்டத்தில் மெதுவான இன்னிங்ஸ் செய்யும் கெடுதல் பெரும்பாலும் இப்படித்தான். கடனை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போவது.

ஒருநாள் ஆட்டத்தில் மெதுவாக ஆடியே ஜெயித்த உதாரணம் உண்டா?

2023 அக்டோபர் 8, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இலக்கு 200. இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். கோலியும் ராகுலும் ஆரம்பத்தில் டெஸ்ட் மாதிரியே ஆடினார்கள். இலக்கு சின்னது, ஓவருக்கு நாலு ரன் போதும், பந்துக்குப் பஞ்சமில்லை என்பது இருவருக்கும் தெரியும். கோலி 116 பந்தில் 85, ராகுல் 115 பந்தில் ஆட்டமிழக்காமல் 97. கிட்டத்தட்ட ஒன்பது ஓவர் மிச்சம் வைத்து ஜெயித்தார்கள்.

2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கம்பீரின் 97-க்கும் 122 பந்து ஆனது. சேவாகும் சச்சினும் சீக்கிரம் போன பிறகு அந்த இன்னிங்ஸ் இல்லாமல் தோனியின் 91-க்கு இடமே இருந்திருக்காது.

2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி மெதுவாக ஆடியதுதான் தோல்விக்குக் காரணமா?

நான் அப்படி நினைக்கவில்லை. இலக்கு 240, இந்தியா 5 ரன்னுக்கு 3, பிறகு 24-க்கு 4. தோனி 72 பந்தில் 50, ஜடேஜா 59 பந்தில் 77. இருவரும் சேர்ந்து 116. ஒருவர் நிற்க ஒருவர் அடிக்கும் கூட்டணி அது. 18 ரன்னில் தோற்றதற்கு முதல் நான்கு ஓவருக்குள் விழுந்த விக்கெட்டுகளும், தோனியை ரன் அவுட் ஆக்கிய நியூசிலாந்தின் கப்டிலின் எறியும்தான் என் கணக்கில் பெரிய காரணங்கள். தோனி ஓரிரு ஓவர் முன்பே வேகத்தைக் கூட்டியிருக்கலாமா என்று கேட்டால், ஆம், கூட்டியிருக்கலாம்.

இருபது ஓவரில் "நங்கூரம்" என்று ஓர் ஆள் தேவையா?

ஒரு முனையில் நிலைத்து நிற்கும் அந்த ஆளின் தேவை குறைந்துகொண்டே வருகிறது. கணக்கைப் பாருங்கள். இலக்கு 160 என்றால் ஓவருக்கு 8. ஒருவர் 20 பந்தில் 15 ரன் எடுத்துவிட்டு அவுட் ஆகிறார். மீதி 100 பந்தில் 145, அதாவது ஓவருக்கு 8.7. அவர் முதல் பந்திலேயே அவுட் ஆகியிருந்தால்கூட அணிக்கு அந்தப் பந்துகள் மிஞ்சியிருக்கும்.

2014 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் யுவராஜ் 21 பந்தில் 11. இந்தியா 4 விக்கெட்டுக்கு 130 மட்டுமே. ஆறு விக்கெட் சும்மா கிடந்தது, பின்னால் அடிக்கக்கூடியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இலங்கை சுலபமாக ஜெயித்தது. அதற்கு முன் எத்தனையோ ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவரை அந்த ஒரு நாளுக்காக வசைபாடியது கொடுமை. இலங்கையும் அன்று யார்க்கர்களை அருமையாக வீசியது. என்றாலும் ஆட்டம் போனது அந்தப் பந்துகளில்தான்.

விதிவிலக்கு 2024 டி20 உலகக் கோப்பையின் பார்படோஸ் இறுதி ஆட்டம். 34 ரன்னுக்கு 3 விக்கெட். கோலி 48 பந்தில் அரைசதம், பிறகு அடுத்த 11 பந்தில் 26. மறுமுனையில் அக்சர் 31 பந்தில் 47 அடித்தார். நின்றவர் கடைசியில் கடனை அடைத்தார், கூட நின்றவர் அதுவரை வட்டி கட்டிக்கொண்டிருந்தார். 176 எடுத்து 7 ரன்னில்தான் ஜெயித்தார்கள். கோலி 55-இல் அவுட் ஆகியிருந்தால் இதே இன்னிங்ஸைப் பற்றி வேறு விதமாகத்தான் எழுதியிருப்போம்.

இங்கிலாந்து அணித் தலைவராக ஸ்டோக்ஸும் பயிற்சியாளராக மெக்கல்லமும் வந்த பிறகு டெஸ்டிலும் பழைய பொறுமை காலாவதியாகிவிட்டதா?

2022-இலிருந்து இங்கிலாந்து ஆடும் வேகம் டெஸ்ட் ஆட்டத்தையே மாற்றியிருக்கிறது, மறுக்க முடியாது. எட்ஜ்பாஸ்டனில் இந்தியாவுக்கு எதிராக 378-ஐத் துரத்தி எடுத்தார்கள். அதே வருடம் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் முதல் நாளே 4 விக்கெட்டுக்கு 506. அந்த ஆடுகளத்தில் வழக்கமான வேகத்தில் ஆடியிருந்தால் ஆட்டம் டிராதான். வேகமாக ஆடி நேரத்தை மிச்சப்படுத்தியதால்தான் கடைசி நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஜெயிக்க முடிந்தது.

ஆனால் 2024 ராஜ்கோட்டில் இதே அணி 2 விக்கெட்டுக்கு 224 என்ற வலுவான நிலையிலிருந்து 319-க்கு சுருண்டது. ஜோ ரூட் பும்ரா பந்தைத் தலைகீழாகத் தூக்கி அடிக்கப் போய் ஸ்லிப்பில் பிடிபட்டார். கடைசியில் 434 ரன்னில் தோல்வி. விக்கெட்டுக்குப் பஞ்சமான நேரத்தில் அதை வாரி இறைத்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த அணியின் தலைவர் ஸ்டோக்ஸ் ஆடிய மிகப் பெரிய இன்னிங்ஸ் எப்படித் தொடங்கியது என்பதை மறந்துவிடுகிறோம். 2019 ஹெடிங்லியில் இலக்கு 359. முதல் 73 பந்தில் அவர் எடுத்தது 3 ரன். பிறகுதான் அந்த 135. பதினோராவது ஆளாக வந்த ஜாக் லீச் 17 பந்தில் எடுத்த ஒரே ஒரு ரன் இல்லாமல் அந்தக் கதையும் இல்லை.

டெஸ்டில் மெதுவாக ஆடியதற்காக யாரையாவது நீக்கியிருக்கிறார்களா?

உண்டு. 1967-இல் ஹெடிங்லியில் இந்தியாவுக்கு எதிராக பாய்காட் ஆட்டமிழக்காமல் 246 எடுத்தார், இங்கிலாந்தும் ஜெயித்தது. ஆனால் முதல் நாள் முழுவதும் ஆடி 106 தான் எடுத்திருந்தார் என்பதற்காக அடுத்த டெஸ்டில் அவரை உட்கார வைத்தார்கள். இரண்டு வருடம் முன்பு 137 எடுத்த பேரிங்டனுக்கும் இதே தண்டனை கிடைத்தது. அணி ஆட்டத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும்போது பந்தை வீணாக்குவது சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரட்டைச் சதம் அடித்தவரை நீக்கியது அதிகப்படி.

மழையால் நேரம் குறைந்த டெஸ்டில் என்ன செய்வது?

2024 கான்பூரைப் பாருங்கள். முதல் நாள் 35 ஓவர், அடுத்த இரண்டு நாள் ஒரு பந்து கூட இல்லை. வங்கதேசம் 233 எடுத்த பிறகு இந்தியா 34.4 ஓவரில் 285 அடித்து டிக்ளேர் செய்து, கடைசி நாளில் 7 விக்கெட்டில் ஜெயித்தது. அன்று பற்றாக்குறை நேரம். கட்டை போட்டிருந்தால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிருக்கும்.

ஒருவர் திட்டத்தோடு மெதுவாக ஆடுகிறாரா, பயந்து ஆடுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்ட்ரைக் ரேட் இதைச் சொல்லாது. காலைப் பாருங்கள். திட்டத்தோடு ஆடுபவரின் கால் பந்தை நோக்கிப் போகும் அல்லது முழுமையாகப் பின்னே வரும். பயந்து ஆடுபவர் கிரீஸிலேயே மாட்டிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். விட வேண்டிய பந்தை முன்கூட்டியே முடிவு செய்து விடுகிறாரா, கடைசி நொடியில் மட்டையை இழுத்துக்கொள்கிறாரா என்றும் கவனியுங்கள். மட்டைக்கு அருகே தரைபட்டு அடிக்க வாகாக வந்த பந்தையோ கால்பக்கம் வந்த பந்தையோ அடிக்காமல் தடுத்தால், அவர் பந்தைப் பார்க்காமல் ஸ்கோர்போர்டைப் பார்க்கிறார் என்று அர்த்தம். சதத்தை நெருங்கும்போது மட்டும் திடீரென்று மெதுவாகிறவரை நான் மன்னிப்பதில்லை. அங்கே மிச்சப்படுவது அணியின் விக்கெட் இல்லை.

நான் கல்லூரி அணியில் தொடக்க ஆட்டக்காரன். பயிற்சியாளர் மெதுவாக ஆடுகிறேன் என்கிறார். ஆட்டத்தையே மாற்ற வேண்டுமா?

தடுப்பாட்டத்தை மாற்ற வேண்டாம், அது கற்றுக்கொள்ளக் கடினமானது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு ரன் எடுப்பதைக் கூட்டுங்கள். கைகளைத் தளர்த்திப் பந்தைக் காலடியில் இறக்கிவிட்டு ஓடுவது, மிட் விக்கெட் பக்கமும் தேர்ட் மேன் பக்கமும் தட்டிவிடுவது, எதிர்முனைக்காரரோடு பேசிவைத்துக்கொண்டு ஓடுவது. ஓவருக்கு இரண்டு முறை ஸ்ட்ரைக் மாறினாலே பந்துவீச்சாளரின் ஒழுங்கு கலையும், உங்கள் கூட்டாளிக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். அப்புறம், உங்களால் நம்பிக்கையோடு பவுண்டரிக்கு அனுப்பக்கூடிய ஓர் அடியாவது இருக்க வேண்டும், கட் அல்லது புல். அது தெரிந்தால் உங்களுக்குக் குறை நீளத்தில் போடத் தயங்குவார்கள். 30 பந்து நின்ற பிறகும் அணிக்கு எத்தனை பந்தில் எத்தனை ரன் தேவை என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், ஓவர் முடிந்ததும் எதிர்முனைக்குப் போய்க் கேளுங்கள்.